விளையாடாதவன் கேட்ட ஆல்பங்கள்

2025 ஏப்ரலில் வெளியான ‘கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற கேமின் இசைத்தொகுப்பில் 154 டிராக்குகள் இருக்கின்றன. முழுதும் கேட்டு முடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேட்டு முடித்த கையோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘அருமையான இசை, மோசமான ஆல்பம்’ என்று ஒரு வரி போட்டேன். வழக்கமாக அங்கே நான் எந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும், அதோடு சரி. அன்றைக்கு அக்கா மகன் உடனே எழுதினான்: ‘மாமா, நீங்க அந்த கேமை விளையாடவே இல்லையே. அப்புறம் எப்படி மோசம்னு சொல்றீங்க?’

கேள்வி எரிச்சலாக இருந்தது. உண்மைதான், நான் கேம் விளையாடுகிறவன் இல்லை. விரல்கள் ஒத்துழைக்காது, பொறுமையும் கிடையாது. ஆனால் கேம் இசையைப் பல வருஷமாக விடாமல் கேட்டு வருகிறேன். வேலை செய்யும்போது காதில் ஓட, வார்த்தைகள் குறுக்கிடாத இசை வேண்டியிருந்தது. தேடப் போன இடத்தில் மைன்கிராஃப்ட் என்ற கேமின் இசை கிடைத்தது, அங்கிருந்து ஒன்று மாற்றி ஒன்று. என் கணக்கில் இவையெல்லாம் ஆல்பங்கள். ஆல்பம் என்று போட்டு விற்கிறார்கள், வாங்குகிறேன், கேட்கிறேன், பிடித்தால் நாலு பேரிடம் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் அதையும் சொல்கிறேன். அவன் கணக்கில் இவை அவன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கடந்துவந்த ஒரு கதையின் மிச்சம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்ற சந்தேகம் அதன் பிறகு என்னை விடவில்லை.

கதை தெரியாமல் பாட்டுக் கேட்ட கூட்டம்

இந்த விஷயத்தில் தமிழ் ரசிகனுக்கு ஒரு தனித் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். படம் வருவதற்கு முன்பே கேசட் வந்துவிடும் காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். கதை தெரியாது, யாருக்கு எந்தப் பாட்டு என்பது தெரியாது, பல நேரம் அட்டையில் இருக்கும் ஸ்டில்லை வைத்துத்தான் ஊகம். அப்படியே கேட்டு, இது ஹிட், இது தேறாது என்று தெருமுனையில் நின்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறோம். ‘இன்னும் படமே பார்க்கவில்லை, பாட்டைப் பற்றி எப்படிப் பேசலாம்’ என்று யாரும் கேட்டதில்லை. படம் வந்த பிறகு, இவ்வளவு நல்ல பாட்டை இப்படியா எடுப்பார்கள் என்று இயக்குநரைத்தான் திட்டினோம். பாட்டு முதலில், காட்சி பிறகு. காட்சிதான் பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பின்னணி இசையின் கதை நேர் எதிர். அதை யாரும் கேசட்டாகப் போடவில்லை. இளையராஜாவின் பிஜிஎம் மேல் பைத்தியமாக இருந்தவர்கள் டிவிடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து இணையத்தில் பகிர்ந்தார்கள். வயலின் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கதாநாயகியின் விசும்பலும் ஏதோ ஒரு கதவுச் சத்தமும் சேர்ந்தே இருக்கும். அந்தத் துண்டுகளை விரும்பிக் கேட்டவர்கள் எல்லாருமே படம் பார்த்தவர்கள். பார்க்காத ஒருவரிடம் அந்த நாற்பது விநாடியைப் போட்டுக் காட்டினால் ‘ம், நல்லாருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆக, காட்சி இல்லாமல் நிற்கிற இசை, காட்சியோடு ஒட்டிப் பிறந்த இசை என்று இரண்டு விதத்தையும் நாம் பார்த்தாயிற்று. கேம் இசை இதில் எந்தப் பக்கம் என்பதுதான் எனக்கும் அக்கா மகனுக்கும் நடுவில் இருந்த பிரச்சினை.

154

எக்ஸ்பெடிஷன் 33 ஐ உருவாக்கியது பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் இருக்கும் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ். பெரிய நிறுவனம் இல்லை. இசையமைத்த லோரியன் தெஸ்தார், கிட்டார் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, எழுதிய இசையை, யாரும் தங்கள் இசையைப் பகிரக்கூடிய சவுண்ட்கிளவுட் தளத்தில் போட்டுக்கொண்டிருந்தவர். அங்கே கேட்டுத்தான் கேமின் இயக்குநர் கியோம் ப்ரோஷ் அவரைப் பிடித்தார். இவ்வளவு பெரிய வேலை அவருக்கு இதுதான் முதல் தடவை. ஆல்பம் வந்த வேகத்தில் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் கிளாசிக்கல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்த வருஷ டிசம்பரில் கேம் அவார்ட்ஸில் சிறந்த இசைக்கான விருதையும் வாங்கியது.

இசையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆலிஸ் துபோர்-பெர்சியேயின் குரலில் வரும் ‘லூமியேர்’ பாட்டை, கதை ஒரு வரிகூடத் தெரியாமல் கேட்டபோதே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பியானோ, ஒரு குரல், பின்னால் மெல்லச் சேரும் தந்திகள். பத்து நிமிஷத்துக்கு மேல் போகும் ‘யூன் வி அ தெமே’ அதைவிடத் துணிச்சலானது. ஓப்பரா மாதிரி ஆண் குரலும் பெண் குரலும் மோதிக்கொள்கின்றன, நடுவில் எலக்ட்ரிக் கிட்டார் நுழைகிறது, எங்கேயோ முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி எழுகிறது. சண்டைக் காட்சிக்கு இப்படி ஒரு பாட்டைப் போட முடியும் என்று நம்பியதற்கே தெஸ்தாருக்குக் கை கொடுக்க வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆல்பத்தில் ஒரே மெட்டு எத்தனை உடைகளில் வருகிறது என்று எண்ணிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் எண்ணிக்கை தவறிவிடும். நடக்கும்போது ஒன்று, சண்டைக்கு ஒன்று, முகாமில் ஒன்று, கதாபாத்திரம் அழும்போது ஒன்று. கேம் இசை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தால் இதற்குக் காரணம் புரியும். சினிமாவில் ஒரு காட்சி மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி என்றால் அந்த நீளம் இசையமைப்பாளர் கையில் இருக்கும். கேமில் அது விளையாடுபவர் கையில் இருக்கிறது. ஒருவர் அந்தக் காட்டை ஐந்து நிமிஷத்தில் கடப்பார், இன்னொருவர் ஐம்பது நிமிஷம் வழி தெரியாமல் சுற்றுவார். அதனால் இசை முடியக்கூடாது, சுற்றிச் சுற்றி வர வேண்டும், தொடங்கிய இடமும் முடிகிற இடமும் தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும். அதையே ஆல்பமாக்கும்போது பலரும் என்ன செய்கிறார்கள்? இரண்டு சுற்று ஓடவிட்டு ஒலியைக் குறைத்து மறையவிடுகிறார்கள். கேம் இசை ஆல்பங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இரண்டாவது சுற்று வரும் இடம் உடம்பிலேயே பதிந்திருக்கும். ஆறு நிமிஷப் பாட்டு என்று பார்த்துப் போட்டால் மூன்று நிமிஷம்தான் உள்ளே இருக்கிறது.

இது எக்ஸ்பெடிஷன் 33 இன் தவறு மட்டும் இல்லை. 2018 இல் ஜப்பானில் வெளியான ‘செல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ இசைத்தொகுப்பு 5 சிடி, 211 டிராக். அந்த கேமில் இசை எப்போதாவது ஒரு முறை, நாலைந்து பியானோ சுரங்களாகச் சிந்திவிட்டுப் போகும், பிறகு புல்வெளியும் காற்றும்தான். அந்த மௌனம்தான் அதன் அழகு என்று விளையாடியவர்கள் சொல்வார்கள். சிடியில் மௌனத்தை வெட்டிவிட்டுச் சுரங்களை அடுக்கியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனவனைப் பந்தியில் உட்கார வைக்காமல் உக்கிராண அறையைத் திறந்து காட்டுவது போலத்தான். எல்லாம் அங்கே இருக்கிறது, யாரும் பரிமாறவில்லை.

இதை அப்படியே அக்கா மகனுக்கு எழுதினேன். அவன் பதில்: ‘எங்களுக்கு எல்லாம் வேணும் மாமா. ஒண்ணு விட்டுட்டாக்கூட சண்டைக்கு வருவோம்.’ அது நியாயம்தான். அவனுக்கு ஒவ்வொரு டிராக்கும் ஒரு இடத்தின் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஓவியக்காரி எழுந்து ஓர் எண்ணை எழுதுவாள், அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் காற்றில் கரைந்து போவார்கள் என்பது அந்த கேமின் கதை. அப்படிக் கரைந்த ஒருத்தியை அவன் துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறான். அந்தக் காட்சியின் இசையை அவனிடம் நான் தராசில் வைக்க முடியாது.

டிரம்ஸ் நின்ற இடம்

அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ‘ஹேடிஸ் 2’ விளையாடிக்கொண்டிருந்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் எடுத்தது, முழு வடிவம் செப்டம்பரில்தான் வந்திருந்தது. இசை டேரன் கோர்ப். 2011 இல் வந்த ‘பேஸ்டியன்’ தொடங்கி அந்த நிறுவனத்தின் எல்லா கேமுக்கும் அவர்தான். ஹேடிஸ் 2 ஆல்பத்தை அதற்கு முன்பே கேட்டிருந்தேன். அதில் சில்லா என்ற கடல் அரக்கியும் அவளுடைய பாட்டுக் குழுவும் பாடுவதாக வரும் ராக் பாட்டுகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. குறும்பும் திமிருமாக, கேட்ட நாளிலேயே முணுமுணுக்க வைக்கும் பாட்டுகள். ‘அந்த பாட்டு வர்ற பாஸ் ஃபைட் காட்டறேன், உக்காருங்க’ என்றான்.

மேடை மாதிரி ஓர் இடம். நடுவில் சில்லா பாடுகிறாள், பக்கத்தில் ஒருத்தி டிரம்ஸ், இன்னொருத்தி தந்திக் கருவி. இவன் மூன்று பேரோடும் சண்டை போட வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் கூடவே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் டிரம்ஸ்காரியை வீழ்த்தினான். பாட்டிலிருந்து டிரம்ஸ் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை, குரலும் மற்றதும் தொடர்ந்து போகின்றன, தாளம் இருந்த இடம் மட்டும் காலி. எனக்குத் தெரிந்த பாட்டுதான், ஆனால் என் கை தட்டிய தட்டுக்குத் துணை இல்லை. அடுத்தவளும் போனாள். இப்போது கிட்டத்தட்டத் தனிக் குரலாக, கொஞ்சம் பரிதாபமாகவே, அந்தத் திமிர்பிடித்த வரிகள் ஒலித்தன. ‘யாரை முதல்ல அடிக்கிறோமோ அவங்க வாசிக்கிறது போயிடும்’ என்றான் சாவகாசமாக.

அதற்குள் அவன் கதாபாத்திரம் செத்துப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆல்பத்தில் இருப்பது முழுப் பாட்டு, யாரும் சாகாத பாட்டு. கேமில் இருப்பது ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதமாகக் குறைந்துகொண்டே போகும் பாட்டு. இசையை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்து, நிலைமைக்கு ஏற்ப ஓர் அடுக்கைத் திறப்பதும் மூடுவதும் புதுசு ஒன்றும் இல்லை. 1991 இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ இலேயே, நீங்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் இசையும் அறுபடாமல் உருமாறும். ‘நியர்: ஆட்டோமேட்டா’ கேமில் கெய்ச்சி ஒகாபே அமைத்த ஒரே பாட்டு அமைதியாக, வேகமாக, குரலோடு, குரல் இல்லாமல் என்று அந்தந்தக் கணத்துக்குத் தகுந்தபடி கலந்து வரும். இதையெல்லாம் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் நான் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டிலிருந்து கண் முன்னால் தாளத்தைக் கொன்றதைப் பார்ப்பது வேறு.

என் கருத்து அங்கே மாறவில்லை, இன்னும் உறுதியாகத்தான் ஆனது. ஆல்பம் என்று வெளியாவது கேமின் இசை இல்லை. கேமின் இசையிலிருந்து எடுத்துச் செய்த வேறொரு பொருள். அப்படியானால் விளையாடாதவனுக்கு அதை எடைபோட முழு உரிமை உண்டு. அதே காரணத்தால், அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ‘இந்த கேமின் இசை சரியில்லை’ என்று சொல்லும் உரிமை அவனுக்குத் துளியும் கிடையாது. நான் குழுவில் போட்டது முதல் வகை. அக்கா மகன் அதை இரண்டாம் வகையாகப் படித்துவிட்டான். இதைச் சொன்னேன், ‘சரி சரி’ என்று சொல்லிவிட்டு மறுபடி சில்லாவிடம் போனான்.

வேறொரு பொருள் என்று உணர்ந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். மைன்கிராஃப்டுக்கு இசையமைத்த டேனியல் ரோசன்ஃபெல்ட், சி418 என்ற பெயரில் 2011 இல் வெளியிட்ட ‘வால்யூம் ஆல்ஃபா’ 24 டிராக், ஒரு மணி நேரம். கேமில் இல்லாத இசைகூட அதில் இருக்கிறது, ஆல்பத்துக்கு வேண்டும் என்பதற்காக. 2025 இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. கேம் இசையே கேட்டிராத ஒருவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

எதிர்முனைக்கு ‘டூம் எடர்னல்’, 2020. கேமில் மிக் கார்டனின் கிட்டார் இரைச்சல் நீங்கள் சுடுகிற வேகத்தோடு ஏறி இறங்கும் என்று விளையாடியவர்கள் சிலாகிக்கிறார்கள். ஆல்பத்தைப் போட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரசிகர்களே ஒலி அலையைப் படமாக எடுத்துப் போட்டு, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே உயரத்தில் நிற்கிறது என்று காட்டினார்கள். பெரும்பாலான டிராக்குகளை நான் மிக்ஸ் செய்யவில்லை என்று கார்டன் சொல்ல, தயாரிப்பாளர் தரப்பு பகிரங்கக் கடிதம் எழுத, 2022 இல் கார்டன் நீண்ட மறுப்பு எழுத, அது தனிக் கதையாகப் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. காதுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நல்ல இசையைக் கேமிலிருந்து வெட்டி ஒட்டினால் ஆல்பம் வந்துவிடாது.

முத்த மழை, கூலி, வெண்பா

இந்தக் கண்ணோடு நம் பக்கம் திரும்பினால் 2025 இன் இரண்டு தமிழ் ஆல்பங்கள் எனக்கு வேறு மாதிரி தெரிகின்றன. ‘தக் லைஃப்’ ஆல்பத்தில் ‘முத்த மழை’யைப் பாடியவர் தீ என்ற பாடகி. மே மாதம் நடந்த இசை வெளியீட்டு விழாவுக்கு அவர் வர முடியாததால் சின்மயி மேடையில் பாடினார், அதுதான் ஊரெங்கும் பரவியது. எந்தக் குரல் சிறந்தது என்று நாள்கணக்கில் அடித்துக்கொண்டோம். ஹெட்ஃபோனில் கேட்க தீயின் அடங்கிய குரல்தான் ரஹ்மானின் அந்த ஒலிப்பின்னலுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். சின்மயி பாடியதற்கோ ஒரு காட்சி அமைந்துவிட்டது. தமிழ்ப் படங்களில் அவ்வளவாகக் கேட்காமல் போயிருந்த குரல், மேடை, எதிரே கூட்டம், அவ்வளவும் சேர்ந்து ஒலித்தது. நாம் ஒப்பிட்டது ஓர் ஆல்பத்தையும் ஒரு நிகழ்வையும். ஜூனில் படம் வந்தபோது அந்தப் பாட்டு படத்திலேயே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. படத்தின் தயவே இல்லாமல் பாட்டு நின்றுவிட்டது.

‘கூலி’ எதிர்த் திசை. அனிருத்தின் ‘பவர்ஹவுஸ்’ மாதிரியான பாட்டுகளை வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது யாரோ நடந்து வருவதற்காகக் காத்திருக்கும் இசையாகவே எனக்குப் படுகிறது. ரஜினி நடந்து வரும்போது தியேட்டரில் அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. நானும்தான் விசில் அடித்தேன். ஆனால் பாட்டு என்ற பெயரில் பிஜிஎம்மை நீட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஏறிக்கொண்டே போகிறது, ஆல்பமாகக் கேட்பவனுக்கு மிஞ்சுவது அடித்தொனியும் ஒரு கூவலும்தான். அக்கா மகன் தலைமுறை இதை ஒரு குறையாகவே பார்ப்பதில்லை.

கடைசியாக ‘வெண்பா’ என்ற கேம். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் விளையாட்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் நானே விளையாடி முடித்த ஒரே கேம் இதுதான். 2024 இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இசையமைப்பவர், சமையலறை ரேடியோவில் ஓடுவதற்காக, அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதுப் பாட்டுகளையே எழுதியிருக்கிறார். இங்கே என் கணக்கு தலைகீழாகிறது. வெளிநாட்டுக்காரர் கேமை விளையாடி அந்தப் பாட்டுகளுக்குப் பழக வேண்டும். நமக்கு விளையாட வேண்டிய அவசியமே இல்லை, புல்லாங்குழலும் கோரஸும் வந்து விழும் இடத்திலேயே வருஷம் தெரிந்துவிடும், அதற்கான காட்சிகளையெல்லாம் நாம் ஏற்கெனவே தியேட்டரில் பார்த்தாயிற்று.

ஆல்பத்தைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சாயல் அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால், இவருடைய சொந்தக் குரல் எது என்று முழுதும் கேட்ட பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. ரேடியோ அணைந்திருக்கும் நேரத்தில், சமைக்கும்போது பின்னால் ஓடும் சின்னச் சின்ன இசைத் துண்டுகளில் அது லேசாகத் தலைகாட்டுகிறது. அவர் அடுத்து எதற்கு இசையமைத்தாலும் அந்தத் துண்டுகளின் பக்கம் போனால் நன்றாக இருக்கும்.